ஜி6பிடி: ஒரு நொதி குறைந்தால் ரத்தத்தில் என்ன நடக்கிறது?

நீங்கள் பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறதா? தடுப்பூசிப் பட்டியல், எடை, உயரம் எல்லாம் அதில் இருக்கும். பிறப்பு விவரங்கள் உள்ள பகுதியில் 'ஜி6பிடி' என்று ஒரு வரியும் இருக்கும். பக்கத்திலேயே இயல்பா, குறைபாடா என்ற குறிப்பு.

சிங்கப்பூரில் 1965ஆம் ஆண்டு முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. மலேசியாவிலும் பிறந்ததும் செய்யும் பரிசோதனைகளில் இது ஒன்று. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அதன் ரத்தத் துளி ஆய்வகத்துக்குப் போய்விடுகிறது.

அப்படி என்ன அவசரம்?

பதில் நம் சிவப்பணுவுக்குள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அலமாரியில் கிடக்கும் அந்துருண்டையைப் பற்றியும், கையில் வைக்கும் மருதாணியைப் பற்றியும் கொஞ்சம் வேறு மாதிரி யோசிப்பீர்கள்.

முதலில், ஜி6பிடி என்றால் என்ன?

முழுப்பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ். ஒரே மூச்சில் சொல்ல வராது. அதனால்தான் மருத்துவர்களே ஜி6பிடி என்று சுருக்கிவிட்டார்கள்.

இது ஒரு நொதி, அதாவது என்ஸைம். பெயரின் கடைசியில் 'ஏஸ்' என்று முடிந்தால் அது பெரும்பாலும் நொதிதான் என்று உயிரியல் வகுப்பில் படித்திருப்பீர்கள்.

நொதிகள் உடலுக்குள் நடக்கும் வேதிமாற்றங்களை வேகப்படுத்தும் புரதங்கள். அவை இல்லாவிட்டால் பல மாற்றங்கள் உயிர்வாழப் போதாத அளவுக்கு மெதுவாக நடக்கும். வேலை முடிந்ததும் நொதி தீர்ந்துபோவதில்லை. அடுத்த மூலக்கூறைப் பிடித்து அதே வேலையை மறுபடியும் செய்யும்.

ஜி6பிடி நொதி 515 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலி சரியாக மடிந்தால்தான் அது வேலை செய்யும். குளுக்கோஸிலிருந்து வந்த ஒரு மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரான்களை எடுத்து, என்ஏடிபி என்ற இன்னொரு மூலக்கூறிடம் கொடுப்பதுதான் அதன் வேலை. எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொண்ட என்ஏடிபி, என்ஏடிபிஎச் ஆகிவிடும்.

இந்த என்ஏடிபிஎச்தான் கதையின் நாயகன்.

சிவப்பணுவுக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம்?

ஜி6பிடி உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. ஆனால் அது குறைந்தால் அதிகம் அடிவாங்குவது சிவப்பணு.

சிவப்பணு ஒரு விசித்திரமான உயிரணு. முழு வளர்ச்சி அடையும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. உள்ளே ஹீமோகுளோபின் நிரம்பியிருக்கும். ஒரே ஓர் அணுவுக்குள் சுமார் 270 மில்லியன் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள்!

உட்கரு இல்லை என்றால் டிஎன்ஏ இல்லை. டிஎன்ஏ இல்லை என்றால் புதிய புரதம் செய்யக் குறிப்பு இல்லை. அணு பிறக்கும்போது கையில் இருந்த நொதிகளை வைத்துக்கொண்டே சுமார் 120 நாள் ஓட்ட வேண்டும். சம்பளம் வராத மாதத்தில் இருப்பை வைத்துச் சமாளிப்பது மாதிரிதான்.

அது தூக்கிச் சுமப்பதோ ஆக்ஸிஜன். நமக்கு உயிர் கொடுக்கும் அதே ஆக்ஸிஜன்தான் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. ஹீமோகுளோபினுக்குள் இருப்பதும் இரும்பு. அதனால் சிவப்பணுவுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்கள் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கும். காயத்தைக் கழுவப் பயன்படுத்தினார்களே, அதே பெராக்சைடுதான். அதை உடனுக்குடன் அழிக்காவிட்டால் ஹீமோகுளோபினும் அணுவின் சவ்வும் சேதமாகும்.

அணுவைக் காப்பது யார்?

குளுட்டதயோன் என்ற ஒரு சின்ன மூலக்கூறு. மூன்றே மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. அதை ஒரு கைப்பேசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

• குளுட்டதயோன் தன்னிடம் உள்ள எலக்ட்ரானைக் கொடுத்துப் பெராக்சைடைச் சாதாரணத் தண்ணீராக மாற்றுகிறது. அப்போது கைப்பேசியின் 'பேட்டரி' காலி.

• காலியான குளுட்டதயோனுக்கு என்ஏடிபிஎச் மறுபடியும் சார்ஜ் ஏற்றுகிறது. அதுதான் பவர் பேங்க்.

• பவர் பேங்கும் காலியாகும் அல்லவா? அதற்குச் சார்ஜ் ஏற்றும் சார்ஜர்தான் ஜி6பிடி. மின்சாரம் வருவது குளுக்கோஸிலிருந்து.

மற்ற உயிரணுக்களுக்கு என்ஏடிபிஎச் செய்ய வேறு வழிகளும் உண்டு. தேவைப்பட்டால் புதிய ஜி6பிடியைத் தயாரித்துக்கொள்ளவும் முடியும். சிவப்பணுவுக்கு அந்த வசதி இல்லை. இருப்பது ஒரே சார்ஜர். அது பழுதானால் மாற்றுக் கிடையாது.

அப்படின்னா, குறைபாடு உள்ளவர்கள் எப்போதும் நோயாளிகளா?

இல்லீங்க. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

உலகில் சுமார் 400 மில்லியன் பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நொதிக் குறைபாடு இதுதான். அவர்களில் பெரும்பாலோர் படிக்கிறார்கள், ஓடுகிறார்கள், காற்பந்து விளையாடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லாமல் இருப்பவர்களும் உண்டு. நொதி அடியோடு இல்லாமல் போவதில்லை. குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். சாதாரண நாள்களுக்கு அது போதும்.

சிக்கல் வருவது, பெராக்சைடு போன்ற பொருள்கள் திடீரென்று பெருகும்போது. சில மருந்துகள், சில உணவுகள், கடுமையான கிருமித்தொற்று ஆகியவை அதற்குக் காரணமாகலாம். சார்ஜர் ஈடுகொடுக்க முடியாமல் திணறும். ஹீமோகுளோபின் உருக்குலைந்து அணுவின் உள்சுவரில் கட்டிகளாக ஒட்டிக்கொள்ளும். மண்ணீரல் அப்படிப்பட்ட அணுக்களைப் பிடித்து அழிக்கும். சில அணுக்கள் ரத்த நாளத்துக்குள்ளேயே உடைந்துவிடும்.

வெளியே தெரியும் அறிகுறிகள்: திடீர்ச் சோர்வு, வெளிறிய முகம், மஞ்சள் நிறக் கண்கள், மூச்சிரைப்பு, தேநீர் அல்லது கோலா நிறத்தில் சிறுநீர். இவை தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வயதான சிவப்பணுக்களில்தான் நொதி மிகவும் குறைந்திருக்கும். அவைதான் முதலில் உடையும். எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு வினாடியும் சுமார் 2 மில்லியன் புதிய சிவப்பணுக்களை அனுப்பிக்கொண்டே இருப்பதால், சிலருக்கு நிலைமை தானாகச் சீராகும். அந்த நேரத்தில் ரத்தத்தில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இளம் அணுக்கள். அப்போது பரிசோதித்தால் முடிவு 'இயல்பு' என்றுகூட வரலாம். அதனால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் பரிசோதிப்பார்கள்.

ஓர் எழுத்து மாறினால் போதும்

நொதி ஏன் குறைகிறது? டிஎன்ஏவில் உள்ள ஓர் எழுத்துப்பிழையால்.

டிஎன்ஏ நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட குறிப்பு என்று படித்திருக்கிறோம்: ஏ, டி, ஜி, சி. உயிரணு அந்தக் குறிப்பை ஆர்என்ஏவாக நகலெடுக்கும். ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்துகளாக வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோக்கும். 515 அமினோ அமிலங்களுக்கு 1,545 எழுத்துகள் தேவை.

மலேசியாவில் மலாய்க்காரர்களிடம் அதிகம் காணப்படும் 'வியங்சான்' வகையை எடுத்துக்கொள்வோம். லாவோஸ் தலைநகரின் பெயரில் அழைக்கப்படுகிறது. அதில் 871ஆவது எழுத்து 'ஜி' என்பதற்குப் பதில் 'ஏ' என்று இருக்கும். அதனால் 291ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக மெத்தியோனின் வந்து உட்காரும்.

1,545 எழுத்துகளில் ஒன்றே ஒன்று. ஆனால் அது போதும். சங்கிலியின் மடிப்பு தளர்ந்து, நொதி சீக்கிரமே சிதைந்துவிடும். சிவப்பணுவால் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியாதே!

இப்படிப்பட்ட மாற்றங்கள் 200க்கும் மேல் பதிவாகியுள்ளன. தென்சீன வம்சாவளியினரிடம் 'கேன்டன்' வகை, இந்தியாவில் 'ஒடிசா' வகை, 'மத்தியதரைக்கடல்' வகை என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். சிங்கப்பூரில் இந்தியர்களைவிடச் சீனர்கள், மலாய்க்காரர்களிடம் இந்தக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. அதற்காக 'நம்ம ஆட்களுக்கு இது வராது' என்று இருந்துவிட முடியாது.

ஆண்பிள்ளைகளிடம் ஏன் அதிகம்?

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு ஒரே ஓர் எக்ஸ், அதுவும் அம்மாவிடமிருந்து வந்தது. அதில் பிழை இருந்தால் ஈடுசெய்ய இன்னொன்று இல்லை. பெண்களுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

அப்படியென்றால் பெண்களுக்குக் கவலையே இல்லையா? அதுவும் சரியில்லை. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைக்கப்பட்டுவிடும் என்று 1961இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் மேரி லையன் முன்வைத்தார். அது மனிதர்களுக்கும் பொருந்தும் என்று காட்டப் பயன்பட்டதே ஜி6பிடிதான். 1962இல் அமெரிக்க ஆய்வாளர் எர்னஸ்ட் பியூட்லர் குழுவினர், பிழையான மரபணுவைச் சுமக்கும் பெண்களின் ரத்தத்தில் நொதி உள்ள அணுக்களும் இல்லாத அணுக்களும் கலந்திருப்பதைக் காட்டினர்.

எந்த எக்ஸ் அணையும் என்பது குலுக்கல் மாதிரி. சில பெண்களுக்குக் குறைபாடுள்ள அணுக்களே அதிகமாக அமைந்துவிடலாம். சாதாரணப் பரிசோதனையில் அவர்கள் தவறிப்போகவும் வாய்ப்புண்டு.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மலேரியா மருந்து ஒன்றின் வழியாக. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஸ்டேட்வில் சிறையில் மலேரியா மருந்துச் சோதனைகள் தொடங்கின. பிரைமகுவின் என்ற மருந்து கொடுத்தபோது சில கைதிகளுக்கு, குறிப்பாகக் கறுப்பினத்தவர் சிலருக்கு, சிவப்பணுக்கள் உடைந்தன.

கோளாறு மருந்தை உடல் கையாளும் விதத்திலா, அணுவிலேயேவா? பாதிக்கப்பட்டவர்களின் சிவப்பணுக்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு மற்றவர்களுக்குச் செலுத்தினர். பிறகு மருந்து கொடுத்தபோது, அப்படிச் செலுத்தப்பட்ட அணுக்களே உடைந்தன. ஆக, கோளாறு அணுவுக்குள்தான். 1956இல் அது ஜி6பிடி குறைபாடு என்று உறுதியானது.

மருத்துவத்துக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் சிறையில் இருப்பவர் கொடுக்கும் சம்மதம் உண்மையிலேயே சுதந்திரமானதா என்ற கேள்வி அந்தச் சோதனைகளை இன்றும் விடாமல் துரத்துகிறது.

சிங்கப்பூரில் குழந்தைகள் ஏன் இறந்தார்கள்?

1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் பிறந்த பல குழந்தைகள் கடும் மஞ்சள்காமாலைக்கு ஆளாயின. சில இறந்தன. பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு மூளை பாதிப்பு, செவித்திறன் இழப்பு. காரணத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் குழந்தை மருத்துவர் வோங் ஹோக் பூன். ஜி6பிடி குறைபாட்டுக்கும் இந்தப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை அவரது ஆய்வுகள் எடுத்துக்காட்டின. அதன் பலன்தான் 1965இல் தொடங்கிய பரிசோதனைத் திட்டம்.

சிவப்பணு உடைந்தால் மூளை ஏன் பாதிக்கப்படுகிறது?

உடலில் அடிபட்ட இடம் முதலில் கன்றி, பிறகு பச்சையாகி, மஞ்சளாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். ஹீமோகுளோபின் சிதையும்போது வரும் நிறங்கள் அவை. கடைசியில் வரும் மஞ்சள் நிறப் பொருள் பிலிருபின். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைத் தண்ணீரில் கரையக்கூடியதாக மாற்றி வெளியேற்றும்.

பிறந்த குழந்தையின் கல்லீரலில் அந்த நொதி இன்னும் முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அந்த நேரம் பார்த்துச் சிவப்பணுக்களும் வேகமாக உடைந்தால் பிலிருபின் தேங்கும். கொழுப்பில் கரையும் தன்மை உள்ளதால் அது மூளைக்குள் புகுந்துவிடும். அங்கே ஏற்படும் சேதத்தைச் சரிசெய்ய முடியாது.

ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க முடியும். நீல ஒளியின் கீழ் குழந்தையைப் படுக்க வைப்பார்கள். ஒளி பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்றிவிடும். கல்லீரலின் உதவி இல்லாமலேயே அது வெளியேறும். தொப்புள்கொடி ரத்தத்துக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பது இப்போது புரிகிறதா? நம் கையில் இருப்பது பிறந்த முதல் சில நாள்கள்தான்.

பல நாடுகளில் பயன்படும் ஒரு பரிசோதனை முறையும் எளிமையானது. என்ஏடிபிஎச் புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிரும். ரத்தத் துளி ஒளிர்ந்தால் நொதி வேலை செய்கிறது. ஒளிராவிட்டால் குறைபாடு.

வீட்டில் எதைக் கவனிக்கணும்?

அந்துருண்டை: பாச்சை உருண்டை என்றும் சொல்வோம். அதில் உள்ள நாப்தலீன் ஆவி குழந்தை மூச்சுக்குள் போனாலே பாதிப்பு வரலாம். பாட்டியின் பழைய சேலையில் தூளி கட்டுவது நம் வழக்கம். அந்தச் சேலை எந்த அலமாரியிலிருந்து வந்தது, அதில் உருண்டை போட்டிருந்தார்களா என்று கேளுங்கள். குழந்தையின் துணி இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

ஃபாவா பயறு: இதில் உள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்கள் சிவப்பணுவைத் தாக்கும். சீன மொழியில் இந்தக் குறைபாட்டுக்கே அந்தப் பயற்றின் பெயர்தான் வழக்கில் உள்ளது. வறுத்த கடலைக் கலவைப் பொட்டலங்களில் அது சேர்ந்திருக்கலாம், பொருள் பட்டியலைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'பிராட் பீன்ஸ்' என்பார்கள். நம் கடைகளில் அவரைக்காய்க்கும் சிலர் அதே பெயரை எழுதிவைப்பதால் குழப்பம் வரும். இரண்டும் வேறு வேறு செடிகள்.

மருதாணி: அதன் நிறப்பொருள் வேதியியல் ரீதியில் நாப்தலீனுக்கு உறவு. குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசியபின் சிவப்பணுக்கள் கடுமையாக உடைந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கல்யாண வீடாக இருந்தாலும் கைக்குழந்தைக்கு வேண்டாம்.

மருந்துகள்: பிரைமகுவின், டாஃபெனகுவின், டாப்சோன், நைட்ரோஃபியூரன்டோயின், ராஸ்புரிகேஸ் போன்றவை ஆபத்தானவை. எந்த மருந்தகத்துக்குப் போனாலும், எந்த மருத்துவரைப் பார்த்தாலும் 'எனக்கு ஜி6பிடி குறைபாடு' என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

மூலிகைகள்: 'ஹுவாங் லியன்' என்ற சீன மூலிகையைச் சிங்கப்பூர் 1978இல் தடைசெய்தது. மறுஆய்வுக்குப் பிறகு 2010களில் தடை படிப்படியாக விலக்கப்பட்டது. ஆனாலும் பிறந்த குழந்தைக்கும் குறைபாடுள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகையும் கொடுக்கக் கூடாது. அது சீன மருந்தானாலும் சரி, நம் நாட்டு மருந்தானாலும் சரி.

குறைபாடுள்ள குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவும் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை என்றால் இது ஏன் மறையவில்லை?

குறைபாடு அதிகம் உள்ள இடங்களின் வரைபடத்தை, மலேரியா காலங்காலமாக வாட்டிய இடங்களின் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும். ஆப்பிரிக்கா, மத்தியதரைக்கடல், மத்தியக் கிழக்கு, இந்தியா, தென்கிழக்காசியா.

மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைந்துதான் பெருகும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அணு அதற்கு நல்ல வீடு இல்லை. அதனால் இந்த மரபணு மாற்றம் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நம் முன்னோர் சிலர் பிழைத்ததே இந்த 'எழுத்துப்பிழை'யால் இருக்கலாம்.

சரி, இப்போ நான் என்ன செய்யணும்?

• சுகாதாரப் புத்தகத்தை எடுத்து உங்கள் ஜி6பிடி குறிப்பைப் பாருங்கள். தம்பி தங்கையுடையதையும் பாருங்கள். புத்தகம் இல்லை என்றால் மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதிக்கலாம்.

• குறைபாடு இருந்தால் பதற வேண்டாம். தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய சேவைக்கான மருத்துவச் சோதனையிலும், மலேரியா உள்ள நாட்டுக்குப் பயணம் போவதற்கு முன்பும் மறக்காமல் சொல்லுங்கள்.

• வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருந்தால் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம் நிறத்தில் தோலின் மஞ்சள் சுலபமாகத் தெரியாது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, வீறிட்டு அழுதாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்தக் குறைபாட்டைக் குணப்படுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதும் இல்லை. தெரிந்துவைத்திருப்பதே பாதி மருந்து. அந்தத் தகவல் பிறந்த அன்றே உங்கள் பெயரில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.